எலியட் ஜாஸ்லின்: நோயுற்றோர்க்கு ஆசிரியரான மருத்துவர்

மருத்துவத்தின் இயல்பை ஆராய்ந்த திருவள்ளுவனார் அதனை நான்கு கூறாகப் பகுத்தனர். நோயுற்றோன், நோயைத் தீர்ப்போன், தீர்த்தற்குரிய மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் என்பன அந்நான்காம். இவற்றுள் முதற்கண் வைக்கப்பெற்றவன் மருத்துவன் அல்லன், நோயுற்றோனே. இவ்வைப்பு முறையின் நுட்பத்தைப் படிக்குங்கால் நாம் பெரிதும் கருதுவதில்லை. நோயாளன் என்போன் கொடுத்த மருந்தை உண்டு, படுத்த படுக்கையில் வாளா கிடப்பவன் என்றே எண்ணிவிடுகின்றோம். ஆனால், நோயுற்றோன் தானே கற்று, தானே அளந்து, தானே மருந்திட்டு, நாள்தோறும் தன்னைக் காத்துக்கொள்ளாவிடின், எத்துணைச் சிறந்த மருத்துவர் வாய்ப்பினும் முழுப்பயன் விளையாத நோய் ஒன்றுண்டு. அதுவே நீரிழிவு.

இவ்வுண்மையைத் தெள்ளிதின் உணர்ந்து, நோயாளரை மாணாக்கராகவும், மருத்துவமனையைப் பள்ளிக்கூடமாகவும் ஆக்கிய பெரியார் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். எலியட் பிராக்டர் ஜாஸ்லின் என்பது அவர்தம் பெயர். நீரிழிவுக்கு இன்சுலின் கண்ட பான்டிங்கின் பெயரை அறியாதார் அரியர். அம்மருந்தைப் பயன்படுத்தும் நெறியை மக்களுக்குக் கற்பித்த ஜாஸ்லினின் வாழ்க்கையோ நம் நாட்டு மாணவருட் பலர் அறியாதது. அதனைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

ஜாஸ்லின் 1869-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். இவ்வூர் இங்கிலாந்திலுள்ள பல்கலைக்கழக நகரன்று. அப்பெயர் தாங்கிய அமைதியான நாட்டுப்புறத்து ஊர். தந்தையார் காலணி செய்யும் தொழிற்சாலை நடத்திப் பொருளீட்டியவர். கடவுட்பற்றும், கடும் உழைப்பும், சிக்கன வாழ்வும் அக்குடும்பத்தின் மரபு. அம்மரபு ஜாஸ்லினிடத்து இறுதிவரை மாறாதிருந்தது.

அவர் ஏல் கல்லூரியிற் பயின்று 1890-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே உடலியல் சார்ந்த வேதிநூலைப் பயின்று, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிற் புகுந்து, 1895-ஆம் ஆண்டில் மருத்துவராக வெளிப்போந்தார். மாணவராயிருந்த காலத்திலேயே அவருள்ளம் நீரிழிவின்பாற் சென்றது. அந்நோயைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சியுரை பாயில்ஸ்டன் பரிசைப் பெற்றது.

1893-ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரத்துப் பொது மருத்துவமனையில் அயர்லாந்திலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தியை அவர் கண்டார். அவள் நீரிழிவால் மெலிந்தவள். அவள் வரலாற்றை ஓர் ஏட்டிற் குறித்துக்கொண்டார். அக்குறிப்பே பின்னர் அறுபதாண்டுக்கு மேலாகப் பெருகிய பெருங்கணக்கின் முதல் வரியாயிற்று. அன்றுமுதல் தாம் கண்ட ஒவ்வொரு நீரிழிவு நோயாளரின் பெயரும், வயதும், நிலையும், முடிவும் அவ்வேட்டில் ஏறின. ஒருவரைக் கண்டு மருந்தெழுதி அனுப்பிவிட்டு மறத்தல் அவர் வழக்கமன்று. பல்லாண்டு கழித்தும் அந்நோயாளர் எங்குளர், எவ்வாறுளர் என வினவி எழுதுவார். மருத்துவம் நன்று நிகழ்ந்ததா அன்றா என்பதை மருத்துவனின் எண்ணத்தால் அறிதல் இயலாது, நோயாளனின் வாழ்நாளாலேயே அறிதல் இயலும் என்பது அவர் கொள்கை.

நோயின் இயல்பு

மேலே செல்லுமுன் இந்நோயின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். நாம் உண்ணும் சோறும் கிழங்கும் பழமும் உடலினுள் சர்க்கரையாக மாறி இரத்தத்திற் கலக்கின்றன. அச்சர்க்கரை தசைக்குள் நுழைந்து ஆற்றலாக வேண்டுமாயின், வயிற்றின் பின்புறத்தே அமைந்த கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் நீர் வேண்டும். அஃது இல்லையாயின், அல்லது உடல் அதற்கு இணங்காதாயின், சர்க்கரை இரத்தத்தில் தேங்கிச் சிறுநீர் வழியே ஒழுகும். உண்டும் பசித்தல், குடித்தும் விடாய்த்தல், நாளும் மெலிதல் என்பன அதன் குறிகள். இன்சுலின் அறவே அற்றவர் உடல், சர்க்கரையைப் பயன்படுத்தமாட்டாது கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதனாற் பிறக்கும் அமிலங்கள் இரத்தத்தை நஞ்சாக்கும். நோயாளர் உணர்விழந்து மயங்கி இறப்பர். இளையோர்க்கு வரும் நோய் பெரும்பாலும் இவ்வகையினது. முதியோர்க்கு வருவது மெல்லப் பற்றி, கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் நெஞ்சையும் நாளடைவிற் கெடுப்பது.

ஜாஸ்லின் தொழில் தொடங்கிய 1898-ஆம் ஆண்டில் இதற்கு மருந்தென ஒன்றும் இல்லை. அவர் ஏட்டின்படி, அக்காலத்தில் இறந்த நீரிழிவு நோயாளருள் ஏறக்குறைய மூன்றில் இருபங்கினர் மேற்கூறிய மயக்கத்தாலேயே மாண்டனர். பத்து வயதில் இந்நோய் பற்றிய குழந்தை அதன்பின் சராசரியாக 1.3 ஆண்டே உயிர் வாழ்ந்தது.

தாயும் ஏடும்

தொழில் தொடங்கிய சிறிது காலத்துக்குள் அவர்தம் அன்னையாரையே நீரிழிவு பற்றியது. பிறர் தாயாராயின் நூல் கூறிய முறையைச் சொல்லி அனுப்பலாம். தம் தாயாராகவே, உண்பது ஒவ்வொன்றையும் நிறுத்து, அளவிட்டு, நாள்தோறும் கண்காணிக்கலாயினர். அவ்வன்னையார் கடுமையான உணவு நெறியை மனமுவந்து மேற்கொண்டு, பத்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தனர். நெறி பிறழாத நோயாளர் நெடுநாள் வாழ்தல் கூடும் என்னும் உறுதி, நூலறிவால் மட்டுமன்றி இல்லத்து அனுபவத்தாலும் ஜாஸ்லினுக்கு உண்டாயிற்று. மருத்துவர் சிலமுறையே கண்டு செல்வர். எஞ்சிய நாளெல்லாம் நோயாளரும் அவர்தம் வீட்டாருமே மருத்துவம் செய்கின்றனர் என்பதையும் அவர் அங்கே கண்டார்.

1908-ஆம் ஆண்டு தொடங்கி, பாஸ்டனில் அமைந்த கார்னகி நிறுவனத்து உணவாராய்ச்சிச் சாலையில், பிரான்சிஸ் பெனிடிக்ட் என்னும் அறிஞரோடு கூடி, நீரிழிவுற்றோர் உடலில் உணவு எங்ஙனம் செலவாகின்றது என்பதை நுணுகி ஆராய்ந்தார். பின்னர் பிரடெரிக் ஆலன் என்னும் மருத்துவர் பட்டினி முறையை வகுத்தனர். சிறுநீரிற் சர்க்கரை அறும்வரை நோயாளரை உண்ணாதிருக்கச் செய்து, பின்னர் உடல் தாங்குமளவு சிறிது சிறிதாக உணவு கொடுத்தல் அம்முறை. கேட்பவர்க்கு இது கொடுமையாகத் தோன்றும். கொடுமையே. குழந்தைகள் எலும்பும் தோலுமாயினர். பசியால் இறந்தாரும் உளர். ஆயினும் சில திங்களில் இறக்கவேண்டியவர் சில ஆண்டுகள் இருந்தனர். வேறு வழி அறியப்படாத அக்காலத்தில் ஜாஸ்லின் இம்முறையைக் கைக்கொண்டார்.

1916-ஆம் ஆண்டில், தாம் நேரிற் கண்ட ஆயிரம் நோயாளரின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு நீரிழிவு மருத்துவம் பற்றிய பெருநூலை வெளியிட்டனர். ஆங்கிலத்தில் இந்நோய்க்கென எழுந்த முதற் பாடநூல் அஃதெனக் கூறுவர். உணவு வரையறையாலும் உடற்பயிற்சியாலும் இறப்பு ஐந்தில் ஒருபங்கு குறைந்தமையை அதனுட் காட்டினர்.

அதனினும் புதுமையானது இரண்டாண்டு கழித்து 1918-ஆம் ஆண்டில் வெளிவந்த சிறுநூல். அது மருத்துவருக்கு மட்டும் எழுதப்பெற்றதன்று. நோயாளரும் மருத்துவரும் ஒருங்கே பயில்வதற்கென எழுதப்பெற்றது. நோயின் மறைகளை நோயாளர்க்கு உரைத்தல் தகாது என்று கருதிய மருத்துவர் பலர் இருந்த காலம் அது. ஜாஸ்லினோ, நீரிழிவுற்றோன் தனக்குத் தானே செவிலியாகவும், மருத்துவனுக்குத் துணைவனாகவும், சிறுநீரை ஆராயும் வேதியறிஞனாகவும் விளங்கவேண்டும் என்று வற்புறுத்தினர்.

மூன்று வீடுகள்

1921-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று மருத்துவ உலகத்தைச் சிந்திக்க வைத்தது. அமைதி வாய்ந்த சிற்றூர் ஒன்றின் அகன்ற தெருவில் மூன்று வீடுகள் அடுத்தடுத்து நின்றன. அவ்வீடுகளில் ஒருவர்பின் ஒருவராகக் குடிபுகுந்த குடும்பத் தலைவர் எழுவர். ஆடவர் மூவர், பெண்டிர் நால்வர். அவ்வெழுவருள் ஒருவர் நீங்கலாக ஏனை அறுவரும் நீரிழிவால் இறந்தனர். அவர்கள் நச்சுக்காய்ச்சலாலோ காசநோயாலோ இறந்திருப்பின், ஊரார் திடுக்கிட்டிருப்பர். நகராண்மைக் கழகத்தார் ஓடிவந்திருப்பர். கிணற்று நீரும் பாலும் ஆராயப்பட்டிருக்கும். நீரிழிவால் இறந்தமையின் ஒருவரும் ஒன்றும் வினவவில்லை. தொற்றும் நோயே பொதுநோய், தொற்றாத நோய் அவரவர் ஊழ் என்று உலகம் கருதியிருந்தது. அக்கருத்தைத் தகர்த்து, நீரிழிவும் பொதுமக்கள் நலம் பற்றிய செய்தியே என்று முதன்முதல் முழங்கியோருள் அவர் ஒருவர்.

இன்சுலினும் அதன் பின்னும்

அவ்வாண்டிலேயே கனடா நாட்டு டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும், மக்ளியாட், காலிப் என்னும் அறிஞர் துணையோடு, இன்சுலினைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தனர். 1922-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ஆம் நாள் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அம்மருந்து முதன்முதல் செலுத்தப்பெற்றது. அதனை ஆய்ந்து பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பெற்ற மருத்துவர் மிகச் சிலருள் ஜாஸ்லினும் ஒருவர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் நாள், பட்டினி முறையால் ஐந்தாண்டளவும் உயிர் காக்கப்பெற்றிருந்த செவிலி ஒருவருக்கு அவர் முதன்முறையாக இன்சுலின் கொடுத்தார். எழுந்து நடக்கவும் வலியற்றிருந்த அவ்வம்மையார் சின்னாளில் தேறினார். பின்னும் பல்லாண்டு வாழ்ந்தார். எலும்புக்கூடாய்க் கிடந்தோர் தசை பெற்று எழுந்த அக்காட்சியைக் கண்ட ஜாஸ்லினுக்கு, எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கே நினைவுக்கு வந்ததாம்.

நிற்க. மருந்து கிடைத்துவிட்டது, இனி ஆசிரியர் எதற்கு என்று வினவுதல் கூடும். இவ்விடத்தேதான் ஜாஸ்லினின் பெருமை விளங்குகின்றது. இன்சுலின் ஏனைய மருந்து போன்றதன்று. அளவிற் குறையின் நோய் மிகும். அளவிற் கூடின் இரத்தத்துச் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து நடுங்கி, அறிவு மயங்கி, உயிர்க்கே இறுதி நேரும். உணவின் அளவும், உழைப்பின் அளவும், மருந்தின் அளவும் ஒன்றோடொன்று பொருந்துதல் வேண்டும். இம்மூன்றையும் ஒரு தேரிற் பூட்டிய மூன்று குதிரைகளாக அவர் உருவகித்தார். குதிரைகளை ஓட்டுபவன் மருத்துவன் அல்லன், நோயாளனே. ஓட்டக் கல்லாதான் கையிற் கடிவாளத்தைக் கொடுத்தல் எத்துணைக் கேடு! ஆதலின் கற்பித்தல் மருத்துவத்தின் ஒரு பகுதியன்று, கற்பித்தலே மருத்துவம் என்னும் துணிவுக்கு அவர் வந்தார்.

கற்பிக்கும் நெறி

தனியொரு மருத்துவர் எத்துணைப் பேர்க்குக் கற்பித்தல் கூடும்? ஆகவே செவிலியரை ஆசிரியராக்கினர். நீரிழிவு நெறியிற் சிறப்பாகப் பயின்ற செவிலியர், நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஊர்களுக்குச் சென்று, நோயாளர் இல்லங்களிலேயே தங்கினர். அடுக்களையில் நின்று உணவை நிறுக்கவும், ஊசியைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்யவும், மருந்தை அளந்து தம் உடம்பில் தாமே செலுத்தவும் கற்பித்தனர். அந்நாளில் இரத்தத்துச் சர்க்கரையை வீட்டில் அறியும் கருவி இல்லை. பெனிடிக்ட் கரைசல் எனப்படும் நீலநீரிற் சில துளி சிறுநீரை விட்டுக் காய்ச்சுவர். நீலம் மாறாதிருப்பின் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறுந்தோறும் சர்க்கரை மிகுதி. இச்சோதனையை ஏழை எளியவரும், பள்ளிச் சிறுவரும் தம் வீட்டிலேயே செய்யப் பழகினர். வேதிநூற் சாலையிற் பயிலும் நம் மாணவர் தோழர்க்கு இக்கரைசல் பழக்கமானதே.

1934-ஆம் ஆண்டில், பாஸ்டன் டீக்கனஸ் மருத்துவமனையில், செல்வர் ஜார்ஜ் பேக்கரின் பெயரால் ஒரு நிலையம் திறக்கப்பெற்றது. அங்கே நோயாளர் படுக்கையிற் கிடப்பதைவிட வகுப்பில் அமர்ந்திருந்த நேரமே மிகுதி எனலாம். உணவு பற்றி ஒரு பாடம், ஊசி பற்றி ஒரு பாடம், காலைப் பேணுதல் பற்றி ஒரு பாடம் என வகுப்புக்கள் நிகழ்ந்தன. நீரிழிவுற்றோரின் காலிற் சிறு புண் தோன்றினும், உணர்ச்சி குன்றியமையால் அவர் அறியார். அது முற்றிக் காலையே வெட்ட நேரும். காலை நாள்தோறும் கழுவி, உலர்த்தி, நகத்தை நேரே வெட்டி, புண் உளதா என உற்று நோக்குதல் என்னும் எளிய பழக்கம் எத்துணையோ பேரின் கால்களைக் காத்தது. மருத்துவர், அறுவை மருத்துவர், செவிலியர், உணவு வல்லுநர், கால் பேணுவோர் ஆகிய அனைவரும் ஒரு குழுவாய் நின்று ஒரு நோயாளனைக் காத்தல் என்னும் முறை அங்கே உருப்பெற்றது.

குழந்தைகளை அவர் மறந்தாரல்லர். நோயுற்ற குழந்தை, தான் ஒருத்தியே உலகில் ஊசி குத்திக்கொள்பவள் என்று எண்ணி ஏங்கும். அவ்வேக்கம் தீர, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்த இல்லத்தில், 1932-ஆம் ஆண்டில் நீரிழிவுற்ற சிறுமியர்க்கென ஒரு கோடைப் பாசறை தொடங்கிற்று. அவ்வில்லம் ஜாஸ்லினின் சொந்த ஊராகிய ஆக்ஸ்போர்டிலேயே உள்ளது. 1948-ஆம் ஆண்டிற் சிறுவர்க்கும் ஒரு பாசறை அமைந்தது. அங்கே நீந்தியும் ஓடியும் விளையாடிய குழந்தைகள், தம்மை ஒத்தார் பலரைக் கண்டு நாணம் நீங்கினர்; ஒருவரைப் பார்த்து ஒருவர் ஊசியிடக் கற்றனர்.

1924-ஆம் ஆண்டில் அவரோடு சேர்ந்த பிரிசில்லா ஒயிட் என்னும் பெண் மருத்துவர், நீரிழிவுற்ற தாய்மாரைப் பேணுதலில் ஈடுபட்டனர். அவர் தொடங்கிய காலத்தில் அத்தாய்மார் கருவுற்ற மகவுகளுள் ஏறக்குறையப் பாதியே பிழைத்தன. 1974-ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெறுங்கால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைத்தன. ஆசிரியரின் நெறி மாணாக்கரிடத்துத் தழைத்தமைக்கு இது சான்று.

ஒரு பெரும் வழக்கு

இனி, அவர் வாழ்வின் கடுமையான பகுதியைக் காண்போம். இன்சுலினால் உயிர் பிழைத்த குழந்தைகள் வளர்ந்தனர். பதினைந்து இருபது ஆண்டுகள் கழிந்தன. அப்பொழுது எதிர்பாராத துன்பம் ஒன்று தலைகாட்டிற்று. அவ்விளைஞருட் பலர்க்குக் கண்ணொளி மங்கிற்று, சிறுநீரகம் பழுதுற்றது. சாவினின்று மீட்கப்பெற்றவர் குருடராதல் கண்டு மருத்துவர் மனம் நொந்தனர். இது சர்க்கரையின் மிகுதியால் விளைவதோ? அன்றி, சர்க்கரையை எத்துணை அடக்கினும் தவிராததோ? இவ்வினாவில் மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்தது.

சர்க்கரையை இயன்றவரை இயல்பான அளவில் நிறுத்தினால் இக்கேடுகளைத் தடுக்கலாம் என்று ஜாஸ்லின் உறுதியாக நின்றார். நியூயார்க்கைச் சார்ந்த எட்வர்டு டால்ஸ்டாய் முதலிய மருத்துவரோ, மயக்கம் வாராது, உடல் மெலியாது, நோயாளர் மகிழ்ந்து தம் தொழிலைச் செய்வாராயின், சிறுநீரிற் சிறிது சர்க்கரை ஒழுகினும் கேடில்லை என்றனர். இவர் கூற்றைப் பொருளற்றதெனத் தள்ளுதல் நேர்மையாகாது. வாழ்நாள் முழுதும் ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்து உண்ணுதல் எளிதன்று. நெருக்கி அடக்குங்கால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்குறும் இடரும் மெய்யானதே. மேலும், ஜாஸ்லின் நெறியில் அறத்தின் கடுமை மிகுதி என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் குறை கூறுவர். நெறி நின்றோர் நல்லோர் எனவே, நெறி வழுவினோர் தம்மைத் தீயோர் எனக் கருதி உள்ளம் வருந்த இடனாயிற்று. நோய் மிகுந்தமைக்கு நோயாளனையே குற்றவாளியாக்குதல் நற்கல்வி ஆகாது.

இவற்றையெல்லாம் கேட்டும் அவர் தம் கொள்கையினின்று பெயர்ந்திலர். அவரிடம் இருந்தது முடிந்த சான்றன்று. பல்லாயிரம் நோயாளரின் வரலாறு அடங்கிய ஏடுகளே. அவ்வேடுகளை அவர் காலப்பகுதிகளாகப் பிரித்து, நானின் காலம், ஆலன் காலம், பான்டிங் காலம், ஹாகடோர்ன் காலம் எனப் பிறர் பெயரையே ஒவ்வொன்றுக்கும் சூட்டினர். தம் பெயரை எதற்கும் இட்டாரல்லர். 1914-ஆம் ஆண்டுக்கு முன் நோயுற்ற பத்து வயதுக் குழந்தைக்கு எஞ்சிய வாழ்நாள் 1.3 ஆண்டு என்று கண்டோமன்றோ? 1945-ஆம் ஆண்டில் அக்கணக்கு 45 ஆண்டாக உயர்ந்தது.

நெடுநாள் வாழ்ந்த நோயாளரைச் சிறப்பித்தற்கு அவர் ஒரு வழி கண்டார். 1940-களின் இறுதியில், நோயோடு இருபத்தைந்து ஆண்டு நலமுற வாழ்ந்தோர்க்கு வெற்றிப் பதக்கம் அளிக்கத் தொடங்கினர். போரில் வென்ற வீரனுக்கு அளிப்பது போன்ற பதக்கத்தை, அடுக்களையிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் போராடிய எளிய மாந்தர் பெற்றனர். அவர் மறைவுக்குப் பின், 1970-ஆம் ஆண்டு முதல் ஐம்பதாண்டு கண்டோர்க்கும், பிற்காலத்தில் எழுபத்தைந்தாண்டு கண்டோர்க்கும் பதக்கங்கள் வழங்கப்பெற்றன.

ஊர் முழுதும் ஆராய்தல்

1946, 1947-ஆம் ஆண்டுகளில், அரசாங்கப் பொதுச் சுகாதாரத் துறையார், ஜாஸ்லின் பிறந்த ஆக்ஸ்போர்டு ஊரையே தேர்ந்து, மக்களை வீடுதோறும் ஆராய்ந்தனர். அவ்வூரில் வாழ்ந்தோர் ஐயாயிரவர்க்குச் சற்றுக் குறைவு. அவருள் 3,516 பேர் சோதிக்கப்பெற்றனர். எழுபது பேர்க்கு நீரிழிவு உண்டெனத் தெரிந்தது. அவ்வெழுபதின்மருள் நாற்பதின்மர் தம் நோயை முன்னரே அறிந்தவர், முப்பதின்மர் அறியாதவர். தெரிந்த நோயாளர் நால்வர்க்குத் தெரியாத நோயாளர் மூவர் என்னும் இச்செய்தி நாடெங்கும் பரவிற்று. மருத்துவமனை வாயிலில் வந்து நிற்போரை மட்டும் காத்தல் போதாது, வாராதோரைத் தேடிச் செல்லுதலும் மருத்துவரின் கடன் என்பதை அது மெய்ப்பித்தது.

இறுதியும் அதன் பின் விளைந்ததும்

அறுபது வயதில் ஓய்வை விழைவோர் பலர். ஜாஸ்லின் தொண்ணூறு கடந்தும் நோயாளரைக் கண்டுவந்தார். அவர்தம் மைந்தருள் ஒருவரும் மருத்துவராகி அப்பணியிற் பங்கு கொண்டனர். 1962-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் இறந்த நாளிலும் மேற்கூறிய வழக்கு தீர்ந்தபாடில்லை. தாம் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கொள்கை உண்மையென உலகம் ஒப்புவதைக் காணாமலே அவர் மறைந்தார்.

தீர்ப்பு வந்தது முப்பத்தோராண்டு கழித்து. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 29 நிலையங்களில், இன்சுலின் இன்றி வாழ இயலாத 1,441 நோயாளரை இரு பிரிவாக்கி, 1983-ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர் வழக்கமான மருத்துவம் பெற்றனர். மற்றொரு பிரிவினர் சர்க்கரையை இயல்பளவுக்கு அண்மையில் நிறுத்த முயன்றனர். 1993-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நெருங்கிய கண்காணிப்புப் பெற்றோர்க்குக் கண்கேடு தோன்றும் இடர் நூற்றுக்கு 76 பங்கும், நரம்புக்கேடு 60 பங்கும், சிறுநீரகக் கேடு ஏறக்குறையப் பாதியும் குறைந்தன. 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த இங்கிலாந்து ஆராய்ச்சி, முதியோர்க்கு வரும் நீரிழிவிலும் இந்நெறி பயன் தருதலைக் காட்டிற்று.

அதே ஆராய்ச்சி எதிர்க்கட்சியார் அச்சத்தையும் முற்றும் பொய்யாக்கவில்லை. நெருக்கி அடக்கியோர்க்குச் சர்க்கரை தாழ்ந்து மயங்கும் இடர் ஏறக்குறைய மும்மடங்காயிற்று. இருபாலார் கூற்றிலும் உண்மை இருந்தமை இதனாற் புலனாகும். மற்றொன்றும் நோக்கத்தக்கது. நற்பயன் பெற்ற பிரிவினர்க்குக் கிடைத்தது மிகுதியான இன்சுலின் மட்டுமன்று. திங்கள்தோறும் நிலையத்துக்கு வரவு, இடையிடையே தொலைபேசியில் உரையாடல், செவிலியரின் கற்பிப்பு, உணவு வல்லுநரின் அறிவுரை ஆகிய அனைத்தும் கிடைத்தன. ஜாஸ்லினின் குழு முறையே பெருகிய வடிவில் அங்கு நின்றது.

அவர் விதைத்தது இன்று பல வடிவில் விளைந்துள்ளது. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க நீரிழிவுக் கழகம் நிறுவப்பெற்றது. நோயாளர்க்குக் கற்பிக்கும் திட்டங்கள் தகுதி உடையனவா என ஆய்ந்து சான்றளிக்கும் முறையை அது 1986-ஆம் ஆண்டில் ஏற்படுத்திற்று. 1989-ஆம் ஆண்டில், இத்தாலியிலுள்ள செயின்ட் வின்சென்ட் என்னும் ஊரிற் கூடிய ஐரோப்பிய நாட்டினர், நீரிழிவால் நேரும் குருட்டையும் சிறுநீரக அழிவையும் மூன்றில் ஒருபங்கும், காலிழப்பைப் பாதியும் குறைத்தல் வேண்டுமென இலக்கு வகுத்தனர். நாம் நன்கு மருத்துவம் செய்கின்றோம் என்று கூறி அமையாது, எத்துணைக் கண்கள் காக்கப்பெற்றன, எத்துணைக் கால்கள் பிழைத்தன என எண்ணிக் காட்டுமாறு கேட்பதே இத்திட்டங்களின் உயிர்நாடி. 1893-ஆம் ஆண்டில் இளமாணவர் ஒருவர் ஓர் ஏட்டைத் திறந்து எழுதிய முதல் வரியில் இக்கேள்வி அடங்கியிருந்தது.

முடிவுரை

ஜாஸ்லின் புதுமருந்து ஒன்றும் கண்டாரல்லர். பெரும்பரிசு பெற்றாருமல்லர். பிறர் கண்ட மருந்தை எளிய மாந்தர் கைக்குக் கொண்டு சேர்த்தார். சேர்த்தபின் அது பயன் தந்ததா என அறுபதாண்டுக்கு மேலாக வினவிக்கொண்டேயிருந்தார். நோயாளரை அறிவிலார் என இகழாது, கற்கும் ஆற்றல் உடையார் என மதித்தமையே அவர்தம் முதற்சிறப்பு. கடுமை சிறிது மிக்கிருந்தமை அவர்தம் குறை. அக்குறையை நீக்கிச் சிறப்பைக் கைக்கொள்ளுதல் பின்வந்தோர் கடன்.

கல்லூரி நீங்கியபின் ஆசிரியத் தொழில் பூணக் கருதுவோர் நம்முட் பலர். கல்வி என்பது பள்ளிச் சுவருக்குள் அடங்குவதன்று என்பதை இவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது. எழுத்தறியாத தாய் ஒருத்திக்கு, நீலநீர் பச்சையாவதன் பொருளைப் பொறுமையோடு விளக்கிய செவிலியும் ஆசிரியையே. அத்தாய் தன் காலை மாலைதோறும் கழுவி உற்று நோக்கக் கற்றாளாயின், அக்கல்வியின் தேர்வுத்தாள் அவள் நடந்து செல்லும் காலே ஆகும்.